தஞ்சாவூருக்கு அனுப்பச் சொன்னவன்

மேலத்தெரு,
திருத்துறைப்பூண்டி தாலுகா,
கார்த்திகை மாதம், 2006.

அன்புப் பேரன் சதீஷுக்கு அப்பாயி கமலாம்பாள் எழுதிக்கொள்வது.

வேம்பு பிழைத்துவிட்டாள். உன் உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்பதெல்லாம் பிறகு. முதலில் இந்தச் சேதி உன் கையில் சேர வேண்டும். தஞ்சாவூர் மெடிக்கல் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டதாம். நேற்றுத்தான் அவள் புருஷன் மருதையன் ஆட்டோவில் கூட்டிவந்தான். போய் என் கண்ணால் பார்த்துவிட்டு எழுதுகிறேன். முகம் வற்றிப்போய்க் கிடக்கிறாள். வாய் மட்டும் வற்றவில்லை. படுத்த இடத்திலிருந்தே, "அந்தப் பொடவைய அப்படியா ஒதறுவ, கிழிஞ்சிடப் போவுது" என்று மருதையனை அதட்டினாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

தீபாவளிக்கு வந்தவன் நீ. மறுநாள் வேம்புவை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு சென்னை பஸ் ஏறிவிட்டாய். உன் அம்மா சுட்ட அதிரசத்தில் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. அதற்குப் பிறகு போனை எடுப்பதும் இல்லை. உன் அறைத் தோழன் அப்சர்தான் எடுத்து, "அவன் குளிக்கிறான் பாட்டி", "அவன் தூங்குறான் பாட்டி" என்கிறான். இப்படிக் குளித்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருக்கிறவன் எப்போது படிக்கிறான் என்று நான் கேட்கவில்லை. நாகப்பட்டினத்துப் பிள்ளை, உன்னோடு ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்தவன், வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே வைத்தியம் பார்க்க எழுத வேண்டிய பரீட்சைக்கு இப்போது உன்னோடு உட்கார்ந்திருக்கிறவன். அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. அதனால் அவனை எனக்குப் பிடித்திருக்கிறது. எப்படியும் போனில் மனசு விட்டுப் பேச முடியாது, ரிசீவரை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து நிற்கிறான். அதுதான் கடிதம்.

ஊரில் இப்போது உன் பேச்சுத்தான். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் வேம்பு, "டாக்டர் தம்பி போட்ட ஊசிதான் தஞ்சாவூரு போய்ச் சேர்ற வரைக்கும் உசுரப் புடிச்சு வச்சுது" என்று சொல்கிறாளாம். உனக்குக் கைராசி என்ற பேச்சு தெருத்தெருவாகப் பரவிவிட்டது. வேம்புவோடு நம் சம்பா வயலில் களை பறிக்கிற பெண்கள் வரப்பில் நின்றுகொண்டு, "தம்பி எப்ப வருது, முட்டியில ஒரு ஊசி போட்டுக்கணும்" என்று கேட்கிறார்கள்.

உன் அப்பா துரைராசுவைத்தான் நீ பார்க்க வேண்டும். சிங்கப்பூர் வேலையை விட்டு வந்த நாளிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன், இப்போது சிரிக்கிறான். ரோட்டோரம் கட்டின கிளினிக்குக்கு டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. சுற்றுகிற நாற்காலி வந்து இறங்கிவிட்டது. போர்டும் எழுதி வந்துவிட்டது. உன் பெயர் பெரிதாக, முன்னால் டாக்டர் என்று, பின்னால் ரஷ்யா என்று. கீழே பொடி எழுத்தில் வேறு ஒருவர் பெயர். அது யார் என்று கேட்டேன். உன் வருங்கால மாமனார் பிடித்துக் கொடுத்த ரிட்டயர் ஆன டாக்டராம். சட்டத்துக்கு அவர் பெயர் இருந்தால் போதுமாம். எப்போதாவது வந்து உட்கார்ந்துவிட்டுப் போவாராம். வைத்தியம் நீ பார்ப்பாயாம்.

"அந்தப் பரீட்சை மூணு தடவ எழுதியும் இன்னும் பாஸ் ஆவலியேப்பா" என்றேன். அதற்கு அவன், "அது ஒண்ணும் இல்ல ஆத்தா. வெளிநாட்டுலேருந்து வந்தா ஏர்போர்ட்டுல பொட்டியத் தொறந்து பாக்குறான்ல, அது மாதிரி. மூணு தடவ தொறந்து பாத்துட்டான்னா நம்ம பொட்டி அடுத்தவன் பொட்டி ஆயிடுமா?" என்றான். வெளிநாடு போய் வந்தவன் சொல்கிறான், நான் என்ன சொல்ல.

தை பிறந்ததும் திறப்பு விழா. பங்குனியில் கல்யாணம். முதல் ஊசி யாருக்கு என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது. கடை திறந்தால் ராசியான ஆளை விட்டுப் போணி பண்ணச் சொல்வது மாதிரி, முதல் ஊசியும் ராசியான உடம்பில் விழ வேண்டுமாம். உன் அம்மா சட்டென்று என்னைக் காட்டிவிட்டாள். வெறும் சத்து ஊசிதானாம். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கையை நீட்டினால் போதுமாம். வீடியோக்காரனுக்கும் சொல்லியாகிவிட்டது.

எதிர்வீட்டுக் குஞ்சம்மாள், என் கொழுந்தன் பெண்டாட்டி, தினமும் ஏதோ வேலையாகப் போகிறவள் மாதிரி கிளினிக் வாசலைத் தாண்டித் தாண்டிப் போகிறாள். பிளஸ் டூவில் உனக்கு மார்க் குறைந்து தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் கிடைக்காமல் போனபோது, மாரியம்மன் கோயில் வாசலில் அத்தனை பேர் நடுவே, "மாட்டாஸ்பத்திரியில சேத்து விடுங்கக்கா, மாடுன்னா எதுத்துப் பேசாது" என்று சொன்னவள் அவள். பச்சைக் கரை போட்ட மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். கையில் பாதி உரித்த தேங்காய். சொல்லிவிட்டு முதலில் சிரித்தவளும் அவளேதான். அன்றைக்கு நிறுத்தினேன் பேச்சை. அவள் கண் முன்னால் அந்தப் போர்டு ஏற வேண்டும். அதற்காகவாவது வந்துவிடு.

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. வாய்க்கால் கரை தாண்டிக் கீழ்வயலில் தண்ணீர் நிற்கிறது. வடிந்தால் பயிர் தப்பும். நேரத்துக்குச் சாப்பிடு. சனிக்கிழமை எண்ணெய் வைத்துக் குளி.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அப்பாயி கமலாம்பாள்.


மேலத்தெரு,
மார்கழி மாதம்.

அன்புள்ள சதீஷுக்கு,

உன் கடிதம் வந்தது. நல்லவேளை, தபால்காரர் ரோட்டிலேயே பார்த்து என் கையில் கொடுத்தார். மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன். நான் நாலாவதோடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். வேகமாகப் படிக்கிறவர்கள் ஒரு கஷ்டத்தைச் சட்டென்று தாண்டிப் போய்விடலாம். எனக்கு அது முடியாது. நீ எழுதியது ஒவ்வோர் எழுத்தாக உள்ளே இறங்கியது.

நீ போட்ட ஊசி வேம்பு உயிரைப் பிடித்து வைக்கவில்லை, வலியைத்தான் மறைத்தது என்று எழுதியிருக்கிறாய். வலி நின்றதால் எல்லாரும் சும்மா இருந்துவிட்டார்கள், அந்த நேரத்தில்தான் குடல்வால் வெடித்தது என்கிறாய். "நான் அவளைக் கொல்லப் பார்த்தேன் அப்பாயி, அதற்கு ஊரே என்னைக் கும்பிடுகிறது" என்கிறாய். அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை, தை மாதம் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன் என்கிறாய். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதியிருக்கிறாய். அதை நான் திரும்பப் படிக்கவில்லை. ஒரு தடவை படித்ததே போதும்.

போன கடிதத்தில் வந்துவிடு என்று எழுதினேன். இப்போது எழுதுகிறேன். தைக்கு வராதே.

நீ ஒன்றை மறந்துவிட்டாய். எனக்கு எதுவும் மறப்பதில்லை என்று இந்த வீட்டில் எல்லாரும் என்னைத் திட்டுவார்கள். இப்போது அதுதான் உனக்கு வேண்டும். கேள்.

தீபாவளி அன்று காலையில், வேம்புவைக் கொல்லைப் பக்கமாகத்தான் கூட்டிவந்தார்கள். கொட்டகை ஓரம் சாக்கில் சுருண்டு படுத்தாள். நீ புதுச்சட்டையின் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தாய். வலது பக்கம் அடிவயிற்றை மெல்ல அமுக்கினாய், சட்டென்று கையை எடுத்தாய். அமுக்கினபோது முனகினவள், எடுத்தபோது அலறினாள். நீ எழுந்து, கை கூடக் கழுவாமல், "தஞ்சாவூருக்கு அனுப்புங்க, இப்பவே அனுப்புங்க" என்றாய். உன் வாயில் வந்த முதல் வார்த்தை அது.

உன் அப்பாதான், "நல்ல நாளும் அதுவுமா தஞ்சாவூரா? ஒரு ஊசியப் போட்டு அனுப்பு. ஆறு வருஷம் என்னாத்தப் படிச்ச?" என்றான். உன் வருங்கால மாமனார் தீபாவளிச் சீரோடு வந்தவர், பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கொல்லை வாசல்படி வரை வந்து, "மாப்ள பயப்படுறாரு போலருக்கே" என்று சிரித்தார். நீ மறுபடியும், "தஞ்சாவூருக்கு அனுப்புங்கப்பா" என்றாய். அப்போது குரல் இறங்கிவிட்டது. "புள்ள சொல்றதக் கேளுடா" என்று நான் சொன்னேன். "ஒனக்கு என்ன தெரியும், சும்மா இரு ஆத்தா" என்றான் என் மகன். சம்பந்தி முன்னால் வைத்துச் சொன்னான். நான் செத்தாலும் அது மறக்காது. அதற்குப் பிறகுதான் மருந்துக் கடையிலிருந்து ஊசி வந்தது. அந்த மருந்துக் கண்ணாடிக் குப்பியை உடைக்கும்போது உன் கை ஆடியதையும் நான் பார்த்தேன். உனக்கு வைத்தியம் தெரியாமல் ஆடவில்லை அந்தக் கை. தெரிந்ததால் ஆடியது.

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வேம்பு வீட்டுக்குப் போனேன். ஊசி அவள் உயிரைக் காப்பாற்றவில்லை, வலியை மறைத்து நாளைக் கடத்திவிட்டது, நீ முதலிலேயே தஞ்சாவூர் என்றாய், என் மகன்தான் கேட்கவில்லை என்று உள்ளது உள்ளபடி சொன்னேன். வேம்பு வயிற்றுத் தையல் மேல் கையை வைத்துக்கொண்டு கூரையையே பார்த்தாள். பிறகு, "எனக்குத் தெரியும் பெரியம்மா" என்றாள்.

"தம்பி தஞ்சாவூருன்னு சொன்னது எனக்கும் காதுல வுழுந்துச்சு. நீங்கள்லாம் பேசிக்கிட்டு இருக்கிறப்ப, என்னைய அனுப்புங்கன்னு நான் எப்படிச் சொல்றது?" என்றாள்.

பின்னே ஏன் ஊரெல்லாம் அந்த ஊசியைப் புகழ்ந்தாய் என்று கேட்டேன். வேம்பு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நாளைக்கு எந்திரிச்சேன்னா ஒங்க வூட்டு வயல்லதானே பெரியம்மா எறங்கணும்?" என்றாள்.

எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் மருதையன் கிளினிக்குக்கு முன்பக்கமாகவே வந்தான். உன் அப்பா போர்டு மாட்டுகிற ஆட்களோடு நின்றிருந்தான். மருதையன் துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. "அய்யா, தம்பி அன்னிக்கே தஞ்சாவூருன்னுதாமே. எங்கிட்டயாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம், நான் தூக்கிட்டு ஓடியிருப்பேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். சத்தம் கூடப் போடவில்லை. அவன் அப்போது வேம்புவைப் படுக்க வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தவன், உன் வார்த்தையைக் கேட்கவில்லை. போர்டு மாட்டுகிறவர்கள் ஏணியிலேயே நின்று கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அந்த ரிட்டயர் டாக்டர் தன் பெயரை அழித்துவிடச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார். சம்பந்தி வீட்டிலிருந்து பேச்சு மூச்சு இல்லை. உன் அப்பா என்னோடு பேசுவதில்லை. உன் அம்மா தட்டில் சோற்றை வைத்துவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்காமல் போகிறாள். சாம்பார் வேண்டுமானால் நானே எழுந்து போய் ஊற்றிக்கொள்கிறேன்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதே. வேறு டாக்டர் பெயர் கிடைக்காதா என்று உன் அப்பா யார் யாருக்கோ போன் போடுகிறான். போடாத நேரத்தில் கிளினிக்கில் போய் அந்தச் சுற்றுகிற நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறான். சுற்றுவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறான். ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்பதும் அவனுக்குத் தெரியவில்லை. கப்பல் பட்டறையில் இரும்புச் சூட்டில் நின்று சம்பாதித்தவன். என் பிள்ளை டாக்டர் என்று அங்கே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பானோ. அவனுக்கும் எழுந்து போக வேறு இடம் இல்லை. பெற்றவள் என்பதால் எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் அவன் கேட்டால் நான் இறங்கி வரப்போவதில்லை. யார் பெயரைப் போட்டுத் திறந்தாலும் என் கையை நீட்ட மாட்டேன் என்று அவன் காதில் விழும்படி உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வேறு யாராவது நீட்டட்டும். அப்போதும் வாசலில் நின்று வேம்புவுக்கு நடந்ததைச் சொல்லுவேன்.

நீ மாசியில் வருகிற பரீட்சையை எழுது. பாஸானால் வா. ஆகாவிட்டால் அப்படியே வா. டாக்டராக இல்லாமலே வா. உன்னை இங்கே யார் என்ன கேட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு எல்லார் வீட்டுக் கதையும் தெரியும். இந்த ஊரே வேண்டாம் என்றாலும் சரிதான். எங்கே இருக்கிறாய் என்று ஒரு வரி மட்டும் எழுதிக்கொண்டே இரு. மருந்துக் கம்பெனியில் வேலை, ஆஸ்பத்திரியில் எழுத்து வேலை, எதுவாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

நீ அந்த வரியில் எழுதின மாதிரி இல்லை. வழி ஒன்றே ஒன்று இல்லை.

நூறு வயசு இருந்து என்னைத் திட்டு,
உன் அப்பாயி.


அன்புள்ள அப்சர் தம்பிக்கு,

சதீஷின் அப்பாயி எழுதுகிறேன். போனில் என்னைப் பாட்டி என்று கூப்பிடுகிறாய். அந்த உரிமையில் எழுதுகிறேன். இதை அவனிடம் காட்டாதே.

அவன் எனக்கு ஒரு வரி எழுதியிருந்தான். அதை என் கையால் மறுபடி எழுத முடியவில்லை. நீயே புரிந்துகொள்வாய். கடல் ஊருக்குள் வந்த வருஷம் உன் மாமா வீட்டில் இரண்டு பேர் போய்விட்டார்கள் என்று சதீஷ் சொல்லியிருக்கிறான். காலையில் இருந்த ஆள் மதியம் இல்லை என்றால் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் இந்நேரம் பஸ் ஏறி வந்து அங்கே உட்கார்ந்திருப்பேன். உங்கள் மேன்ஷனில் பொம்பளைகளை மாடி ஏற விடமாட்டார்களாமே. கேட்டுப் பார்த்துவிட்டேன். அதனால் உன்னிடம் கேட்கிறேன்.

அவனைத் தனியாக விடாதே. அவன் குளிக்கப் போய் நேரமானால் கதவைத் தட்டு. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். கோபம் வருகிற வரைக்கும் நல்லது. மொட்டை மாடிக்குப் போனால் நீயும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போ. நீ ஊருக்குப் போவதாக இருந்தால் அவனையும் நாகப்பட்டினத்துக்குக் கூட்டிப் போ. உன் உம்மா கையால் நாலு நாள் மீன் குழம்பு சாப்பிடட்டும். உன் உம்மாவிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்.

ஏதாவது என்றால் எங்கள் வீட்டு நம்பருக்குப் போடாதே. அது அவன் அப்பா கையில் இருக்கிறது. எதிர்வீட்டு நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அது குஞ்சம்மாள் வீடு. அவளோடு எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. நேற்றுப் போய்க் கேட்டேன். எதற்கு என்றாள். சொன்னேன். ஏதாவது குத்திப் பேசுவாள் என்று நின்றேன். நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, "எந்நேரமா இருந்தாலும் ஓடியாந்து கூப்புடுறேங்க்கா" என்றாள். அதற்காக அவளை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. அது வேறு.

நீயும் சின்னப் பிள்ளை. உனக்கும் அதே பரீட்சை தலைக்கு மேல் நிற்கிறது. இந்தப் பாரத்தை உன் மேல் வைப்பது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வைக்கிறேன். அந்த அறையில் அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவன் நீ ஒருத்தன்தான்.

எங்கள் சாமியிடம் உன் பெயரையும் சொல்லிக் கேட்கிறேன். உங்கள் தொழுகையில் அவன் பெயரையும் சேர்த்துக் கேள்.

நீங்கள் இரண்டு பேரும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பாட்டி கமலாம்பாள்.